கடல் கடந்து வரும் பணமும் குடும்பக் கணக்கும்

(சேலம், நாமக்கல் மாவட்டப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீர்ப்பாசனம், விதை, உரம், கால்நடை ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசப்படும் இத்தகைய கூட்டத்தில், இன்று வருமானவரியைப் பற்றிச் சில கூற முன்வந்திருக்கிறோம். 'உழவனுக்கும் வருமானவரிக்கும் என்ன உறவு?' என்று கேட்போர் உண்டு. நிலத்தின் விளைவால் வரும் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமானவரி இல்லை என்பது உண்மையே. ஆயினும் இந்நாளில் ஓர் உழவர் வீட்டிற்கு வரும் பணம் முழுவதும் நிலத்திலிருந்து வருவதன்று. மூத்த மகன் மரவள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். இளைய மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். மருமகன் துபாயில் லாரி ஓட்டுகிறான். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளில் தொழில் பழகியோர் ஆப்பிரிக்க நாடுகள் வரை செல்கின்றனர். இவர்கள் அனுப்பும் பணம் நம் சிற்றூர்களில் வீடாகவும் கிணறாகவும் தங்கையின் திருமணமாகவும் உருவெடுக்கிறது.

கடல் கடந்து பிழைக்கச் செல்வது நம் பகுதியினருக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முந்திய நூற்றாண்டிலும் சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் கங்காணிகளின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். வழிச்செலவுக்கென்று கொடுக்கப்பட்ட முன்பணம் அவர்கள் தலையில் கடனாக ஏறியது. அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றிற்கு மாறினாலும் துண்டு அவர்களைத் தொடர்ந்து சென்றது. கணக்கை எழுதியவர் ஒருவர். அதைச் சுமந்தவர் மற்றொருவர். தம் கணக்கைத் தாமே படித்தறிய இயலாமையால் அவர்கள் அடைந்த துன்பம் பெரிது.

இன்று நிலைமை மாறியுள்ளது. 2015 ஆம் ஆண்டில் நடைபெற்ற தமிழ்நாட்டுப் புலம்பெயர்வு ஆய்வு, நம் மாநிலத்தவர் ஏறத்தாழ 22 லட்சம் பேர் அயல்நாடுகளில் வாழ்வதாகவும், அவர்களுள் மிகுதியானோர் சிங்கப்பூரில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. இவர்கள் கையெழுத்திட அறிந்தவர்கள். பாங்குக் கணக்கு உடையவர்கள். ஆயினும் குடும்பத்துக்குள் பணம் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் கணக்கு எழுதும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. 'நம் மாமனுக்குக் கொடுத்ததற்குச் சீட்டு எதற்கு?' என்று எண்ணுகிறோம். அந்த ஒரு சீட்டு இல்லாமையால் வரும் சங்கடங்களைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. 1961 ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் இடத்தில் 2025 ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் இயற்றப்பட்டு, 1-4-2026 முதல் நடைமுறைக்கு வரும்படி விதிக்கப்பட்டுள்ளது. பிரிவுகளின் எண்கள் மாறியுள்ளன. எனினும் நாம் இங்கே கூறும் விதிகளின் சாரம் இரு சட்டங்களிலும் ஒன்றேயாகும்.

நன்கொடைக்கு வரி உண்டா?

நம் நாட்டில் நன்கொடை வரி என்று தனியே ஒரு வரி 1958 ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தைப் பிரதமர் நேரு அவர்களே சமர்ப்பித்தார். அப்பொழுது நன்கொடை கொடுத்தவரே வரி செலுத்த வேண்டும். நாற்பது ஆண்டுகள் நிலவிய அவ்வரி, 1-10-1998 முதல் நீக்கப்பட்டது. பின்னர் 2004 செப்டம்பரிலிருந்து வேறொரு முறை வந்தது. உறவினரல்லாதாரிடமிருந்து ஒருவர் பெறும் பணம், குறித்த அளவை மீறினால், அது பெற்றவருடைய வருமானமாகக் கொள்ளப்படும். தொடக்கத்தில் 25,000 ரூபாயாக இருந்த அவ்வளவு, 2006 ஏப்ரலில் 50,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அன்று முதல் அது மாறவில்லை.

இதில் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, 50,000 ரூபாய் என்பது ஓராண்டில் உறவினரல்லாத எல்லாரிடமிருந்தும் பெற்ற தொகையின் கூட்டாகும். இரண்டாவது, கூட்டுத் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்று, முழுத் தொகையும் வருமானமாகிவிடும். 60,000 ரூபாய் பெற்றவர் 10,000 ரூபாயை மட்டும் கணக்கில் காட்டினால் போதாது. 60,000 ரூபாயையும் காட்ட வேண்டும்.

உறவினரிடமிருந்து பெறும் பணத்துக்கோ அளவே இல்லை. ஒரு லட்சமாயினும் ஐம்பது லட்சமாயினும் அது வருமானமாகாது. ஆகவே, 'உறவினர்' என்று சட்டம் யாரைக் குறிக்கிறது என்பதே இங்கே முதற்கேள்வியாகிறது.

சட்டத்தின் உறவுமுறை

பணம் பெறுபவரை நடுவில் வைத்து இதனைப் பார்க்க வேண்டும். கணவன் அல்லது மனைவி; உடன்பிறந்தார்; கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தார்; தாய் தந்தையருடன் பிறந்தார்; பெற்றோர், பாட்டன் பாட்டி, மக்கள், பேரர் என நேர்வழியில் வருவோர்; கணவன் அல்லது மனைவியின் நேர்வழியினர்; இவ்வாறு கூறப்பட்டோரின் கணவன்மார், மனைவிமார். இவ்வளவே பட்டியல்.

மகன் தந்தைக்கு அனுப்பலாம், மருமகன் மாமியாருக்கு அனுப்பலாம், தமையன் தங்கைக்கும், தங்கையின் கணவருக்கும் அனுப்பலாம், சகலைக்கும் அனுப்பலாம். இவற்றுள் எதற்கும் வரியில்லை.

ஆனால் நம் வழக்கில் 'அண்ணன்', 'தம்பி' என்னும் சொற்கள் பெரியப்பா மகனையும் சிற்றப்பா மகனையும் குறிக்கின்றன. ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே கிணற்றில் நீர் இறைத்த பங்காளிகளை நாம் வேற்றாளாகக் கருதுவதில்லை. சட்டமோ அவர்களை உறவினர் பட்டியலில் சேர்க்கவில்லை. மாமன் மகன், அத்தை மகன், சம்பந்தி ஆகியோரும் அதில் இல்லை. சவூதி அரேபியாவிலிருந்து தன் பெரியப்பா மகனுக்கு 3 லட்சம் ரூபாய் அன்பளிப்பாக ஒருவர் அனுப்பினால், அது பெற்றவருடைய வருமானமாகும்.

இதைவிட வியப்பானது மாமன் முறை. தாய்மாமன் மருமகனுக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரியில்லை; ஏனெனில் பெறுகின்ற மருமகனுக்கு அவர் தாயின் உடன்பிறந்தவர். அதே மருமகன் அயல்நாடு சென்று பொருளீட்டி, தன்னை வளர்த்த மாமனுக்குப் பணம் அனுப்பினால், அதற்கு அவ்விலக்கு இல்லை. ஏனெனில் பெறுகின்ற மாமனுக்கு, உடன்பிறந்தாளின் மகன் என்னும் உறவு பட்டியலில் இடம்பெறவில்லை. சிற்றப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இதே நிலைதான். கொடுக்கும் திசையில் உறவினர். திரும்பும் திசையில் அல்லர். அந்த மருமகன் மாமன் மகளையே மணந்திருந்தால் நிலைமை மாறிவிடும். அப்பொழுது அவர் மகளின் கணவராகிறார், விலக்கும் கிடைத்துவிடுகிறது.

திருமணத்தின்போது மணமக்கள் பெறும் பரிசுக்கு, அது யாரிடமிருந்து வந்தாலும், வரியில்லை. இச்சலுகை மணமக்களுக்கு மட்டுமே உரியது. காதணி விழாவிலும் புதுமனைப் புகுவிழாவிலும் வாங்கும் மொய்க்கு இது பொருந்தாது. உயில் வழியாகவோ வாரிசு முறையிலோ வரும் பணத்துக்கும் இவ்வரி கிடையாது.

புறப்படும்போது கொடுத்த பணம்

இனி, நம் ஊர்களில் அடிக்கடி நிகழ்வதொன்றை எடுத்துக்கொள்வோம். ராசிபுரம் பக்கத்தில் ஓர் இளைஞர் சிங்கப்பூர் செல்லப் புறப்படுகிறார் என்று கொள்வோம். பயிற்சிக்கும் பயணத்துக்கும் 4 லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது. கோழிப்பண்ணை வைத்திருக்கும் தாய்மாமன் அத்தொகையைத் தருகிறார். 'சம்பாதித்துக் கொடுத்துவிடு, மாப்பிள்ளை' என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அந்த இளைஞர் மாமனின் கணக்கிற்கு 4 லட்சம் ரூபாய் அனுப்புகிறார்.

இது கடனைத் திருப்பிக் கொடுத்ததா? அன்றி நன்கொடையா? இருவர் மனத்திலும் இது கடனே. கடனைத் திரும்பப் பெறுவது வருமானமன்று. ஆனால் பாங்கின் ஏட்டில் 4 லட்சம் வந்தது மட்டுமே பதிந்துள்ளது. கொடுத்தது ரொக்கமாகச் சென்றதால் எங்கும் பதியவில்லை. வரி அதிகாரி வினவினால் மாமன் எதைக் காட்டுவார்? கோழிப்பண்ணை வருமானம் விவசாய வருமானமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே அவர் ஏற்கனவே வரி செலுத்துபவராக இருக்கக்கூடும். தம் பணத்தையே திரும்பப் பெற்று, அதற்கு வரியும் கட்ட வேண்டிய நிலை அவருக்கு நேரலாம்.

விவசாயத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு இவ்வளவு சங்கடம் நேராமல் இருக்கலாம். 2025-26 ஆம் நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில், இந்நாட்டில் வசிப்பவருக்கு 12 லட்சம் ரூபாய் வரையுள்ள சாதாரண வருமானத்துக்கு வரி செலுத்த நேராதவாறு தள்ளுபடி அளிக்கப்பட்டுள்ளது. எனினும் வரி இல்லை என்பது வேறு, கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்பது வேறு. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்யும் கடமை உண்டு.

இதற்குப் பரிகாரம் மிக எளிது. மாமன் பணத்தைப் பாங்கு மூலமே கொடுக்க வேண்டும். 'இன்ன தேதியில் இன்ன தொகை, வட்டியின்றிக் கைமாற்றாகப் பெற்றேன். வேலை கிடைத்தபின் தவணைகளில் திருப்புவேன்' என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்கலாகாது என்பது பொது விதி. கொடுப்பவர், வாங்குபவர் ஆகிய இருவருக்கும் விவசாய வருமானம் மட்டும் இருந்தால் விலக்கு உண்டு; ஆயினும் பாங்கு வழியே சிறந்தது. திருப்பிக் கொடுப்பதும் அவ்வாறே நிகழட்டும்.

பயணச் செலவுக்காக நிலத்தை விற்போரும் உண்டு. கிராமப்புற விவசாய நிலத்தை விற்றுப் பெறும் லாபத்துக்கு மூலதன லாப வரி இல்லை. ஆனால் நகரத்தை ஒட்டிய நிலம் கிராமப்புற நிலமாகாது. 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகராட்சியின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6 கிலோமீட்டர், அதற்கு மேல் 8 கிலோமீட்டர் என்று நேர்கோட்டில் அளக்கப்படும். சேலம் மாநகரின் மக்கள்தொகை 2011 ஆம் ஆண்டுக் கணக்கின்படி 8 லட்சத்துக்கு மேல். ஆதலால் அங்கே 6 கிலோமீட்டர் பொருந்தும். விற்குமுன் தூரத்தை அறிந்துகொள்வது நலம்.

ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 1983 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளின்படி, பதிவு பெற்ற ஏஜெண்டு தம் சேவைக்காக 30,000 ரூபாயும் அதற்குரிய சரக்கு-சேவை வரியுமே பெறலாம். ரசீது கொடுக்க மறுப்பவரிடம் பணம் கொடுக்கலாகாது.

சென்றபின், முதற்சம்பளம் வரும்வரை மகனுக்குத் தந்தை பணம் அனுப்புவதும் உண்டு. அதைப் பெறும் மகனுக்கு வரியில்லை. ஒருவர் ஓராண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் பாங்கின் திட்டம் இடமளிக்கிறது. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பாங்கு ஒரு பகுதியை வரியாக முன்கூட்டியே வசூலிக்கும். அது தனி வரியன்று. கணக்குத் தாக்கல் செய்து ஈடு செய்துகொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம்.

புறப்படும் தேதி

அயல்நாட்டில் ஈட்டும் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி உண்டா என்பது, அவ்வாண்டில் அவர் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தார் என்பதைப் பொறுத்தது. வேலைக்காகப் புறப்படும் இந்தியக் குடிமகன், ஏப்ரல் முதல் மார்ச் வரையுள்ள அவ்வாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இங்கே இருந்தால், அவர் அவ்வாண்டிற்கு 'வசிக்காதவர்' ஆகிறார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எண்ணினால் செப்டம்பர் 28 ஆம் தேதியோடு 181 நாட்கள் முடிகின்றன. ஆகவே அத்தேதிக்குள் விமானம் ஏறியவர், இடையில் திரும்பி வராதவரை, அவ்வாண்டு வெளிநாட்டில் ஈட்டிய சம்பளத்துக்கு இந்தியாவில் வரி செலுத்த வேண்டியதில்லை. ஜனவரியில் புறப்பட்டவரோ, அவ்வாண்டின் எஞ்சிய மாதங்களில் வெளிநாட்டில் பெற்ற சம்பளத்தையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டும். அங்கும் வரி கட்டியிருந்தால், நாடுகளுக்கிடையேயுள்ள ஒப்பந்தப்படி ஈடு கோரலாம். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளும் விமானச் சீட்டுகளும் இதற்குச் சாட்சிகள். அவற்றைக் காத்து வைக்க வேண்டும்.

2020 ஆம் ஆண்டில், வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனை இந்நாட்டில் வசிப்பவராகவே கருதலாம் என்று ஒரு விதி முன்மொழியப்பட்டபோது, வளைகுடாத் தொழிலாளரிடையே கலக்கம் எழுந்தது. அங்கே நேர்மையாக உழைப்போரின் சம்பளத்துக்கு வரி விதிப்பது நோக்கமன்று என்று மத்திய அரசு அப்பொழுதே விளக்கியது. இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுவோருக்கே அவ்விதி பொருந்தும்.

இன்னுமோர் எச்சரிக்கை. சம்பளத்தை முதலில் அந்நாட்டிலேயே தம் கணக்கில் பெற்று, பின்னர் ஊருக்கு அனுப்புவதே நன்று. முதலாளியே நேராக இந்தியக் கணக்கில் சம்பளத்தைச் செலுத்தினால், அது இந்தியாவில் பெற்ற வருமானமாகும் என்னும் வாதத்துக்கு இடமுண்டாகும்.

பணம் வரும் வழி

வீட்டுச் செலவுக்கு மகன் அனுப்பும் பணம் பெற்றோருக்கு வருமானமன்று. ஆனால் அது அவனிடமிருந்து வந்தது என்பது விளங்க வேண்டும். பாங்கு, தபால் நிலையம், அனுமதி பெற்ற பண அனுப்பு நிறுவனங்கள் ஆகியவற்றின் வழியே வரும் பணத்துக்கு இது தானே விளங்கிவிடும். இத்தகைய நிறுவனங்கள் ரொக்கமாக 50,000 ரூபாய் வரையே கொடுக்கலாம். மேற்பட்டது கணக்கில் செலுத்தப்படும். 2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் பணப் பரிமாற்ற முறையும் நம் நாட்டின் யு.பி.ஐ. முறையும் இணைக்கப்பட்டு, கைப்பேசி வாயிலாகவே பணம் அனுப்பவும் வழி பிறந்துள்ளது.

இவ்வளவு வழிகள் இருந்தும் சிலர் 'உண்டியல்' வழியை நாடுகின்றனர். அங்கே ஒருவரிடம் வெள்ளியோ திர்ஹமோ கொடுத்தால், இங்கே வேறொருவர் வந்து ரூபாயைக் கொடுத்துச் செல்கிறார். விகிதம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம். வீட்டு வாசலில் பணமும் வந்துவிடுகிறது. ஆனால் இது 1999 ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டத்துக்கு மாறானது. சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கப்படலாம். கொடுப்பவர் ஏமாற்றிவிட்டால் முறையிடவும் இடமில்லை.

அதனினும் மேலான தீங்கு வேறு. மகன் வியர்வை சிந்தி ஈட்டிய பணம், உண்டியல் வழியே வந்ததும், எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத பணமாகிவிடுகிறது. அதைக்கொண்டு வீடு கட்டினாலும் நிலம் வாங்கினாலும், 'இத்தொகை எவ்வாறு வந்தது?' என்னும் வினா எழும்போது விடை கூற முடியாது. விளக்க முடியாத பணத்துக்குச் சாதாரண விகிதத்தினும் மிக உயர்ந்த விகிதத்தில் வரி விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பெருந்தொகைக்கு நடக்கும் பத்திரப் பதிவுகள் வருமானவரித் துறைக்குத் தெரிவிக்கப்படுகின்றன என்பதையும் மறத்தலாகாது.

கணக்கும் வட்டியும்

வேலைக்காக வெளிநாடு சென்றவர், இரண்டாண்டு ஒப்பந்தத் தொழிலாளியாயினும், அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர் ஆகிறார். அவருடைய பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கலாகாது. பாங்கிற்குத் தெரிவித்து என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தைச் சேமிக்க என்.ஆர்.இ. கணக்கு தனியே உண்டு. என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வரியில்லை. என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டிக்கு வரி உண்டு. 30 சதவீதமும் அதன்மேல் தீர்வையும் பாங்கிலேயே பிடித்தம் செய்யப்படும். உள்ளூரில் இருப்போர், வரி பிடிக்க வேண்டாமென்று பாங்கில் உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம். வெளிநாட்டில் வசிப்பவர் கொடுக்க இயலாது. மகன் பெயரால் தந்தை கையெழுத்திட்டு அப்படிவத்தைக் கொடுப்பது தவறாகும்.

மனைவிக்கு அனுப்பும் பணத்தில் ஒரு நுட்பம் உண்டு. பணத்துக்கு வரியில்லை. ஆனால் மனைவி அதை வைப்புத் தொகையாகப் போட்டால், அதன் வட்டி கணவனுடைய வருமானத்தில் சேர்க்கப்படும். மாமனாரோ மாமியாரோ மருமகளுக்குக் கொடுத்த பணத்தின் வட்டியும் கொடுத்தவர் கணக்கிலேயே சேரும். தந்தைக்கோ தாய்க்கோ வயதுவந்த மகனுக்கோ உடன்பிறந்தாருக்கோ கொடுத்தால், அதன் வட்டி பெற்றவருடைய வருமானமாகும்.

நிலம் வாங்கும்போது

நம் சமவெளி மக்களுக்கு மிகவும் நெருக்கமான பொருளுக்கு இப்பொழுது வருகிறோம். வெளிநாடு சென்ற மகனின் முதல் ஆசை, ஊரில் இரண்டு ஏக்கர் தோட்டம் வாங்குவதாகும். ஆனால் இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர் வீடும் மனையும் வாங்கலாமேயன்றி, விவசாய நிலத்தையும் தோட்டத்தையும் பண்ணை வீட்டையும் தம் பெயரில் வாங்க இயலாது. தந்தை தம் விவசாய நிலத்தை வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குத் தான செட்டில்மெண்டாக எழுதி வைப்பதும் இயலாது. போகுமுன்னரே அவருக்கு உரிமையாக இருந்த நிலத்தை அவர் வைத்துக்கொள்ளலாம். வாரிசு முறையில் வருவதையும் பெறலாம். செட்டில்மெண்டு எழுதப் பத்திரப்பதிவு அலுவலகம் செல்லும் முன்னர், பெறுபவர் எங்கே வசிக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே மகன் தந்தைக்குப் பணம் கொடுத்துத் தந்தை பெயரில் நிலம் வாங்குவதே பெருவழக்காக உள்ளது. மகன் உண்மையாகவே தந்தைக்கு நன்கொடையாகக் கொடுத்தால், வரி விதிப்பிலும் சட்டத்திலும் தடையில்லை. ஆனால் அதன் விளைவை இருவரும் உணர வேண்டும். அந்நிலம் அன்று முதல் தந்தையினுடையது. தந்தை உயில் எழுதாமல் காலமானால், 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அது மனைவி, ஆண் மக்கள், பெண் மக்கள் என எல்லாருக்கும் சமமாகச் செல்லும். பதினைந்து ஆண்டுகள் வெயிலில் நின்று பணம் அனுப்பிய மகன், 'என் பணத்தில் வாங்கிய நிலம்' என்று கூறினால் அது எடுபடாது. 'பெயர் மட்டுமே தந்தையுடையது. நிலம் என்னுடையது' என்று வாதிட்டாலோ, பினாமிச் சொத்துத் தடைச் சட்டம் குறுக்கே நிற்கக்கூடும். அச்சட்டம் 2016 ஆம் ஆண்டில் மிகவும் கடுமையாக்கப்பட்டுள்ளது. நம் ஊர்களில் உடன்பிறந்தார் பேச்சு நின்றுபோவதற்கு இத்தகைய நிலங்கள் காரணமாவதைக் காண்கிறோம்.

ஆதலால், பணம் அனுப்பும்போதே நோக்கத்தை எழுதி வைக்க வேண்டும். அது நன்கொடையாயின் நன்கொடை, கடனாயின் கடன், தன் வீடு கட்டுவதற்காகத் தந்தையிடம் ஒப்படைத்ததாயின் ஒப்படைப்பு. பணத்தை நன்கொடையாகக் கொடுப்பதற்குப் பத்திரப்பதிவு தேவையில்லை. ஒரு தாளில் பெயர், உறவு, தொகை, தேதி, பாங்கு விவரம், நோக்கம் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டால் போதும். தந்தையும் உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே, எல்லா மக்களும் அறிய, தம் விருப்பத்தை உயிலாக எழுதி வைப்பது பெருந்தன்மையாகும். பெண் மக்களின் உரிமையை மறைக்க இதைக் கருவியாக்கலாகாது என்பதையும் வற்புறுத்திக் கூறுகிறோம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

வரி வசூல் பஞ்சாயத்தின் பணியன்று. பிறர் பணத்தை விசாரிப்பதும் அதன் பணியன்று. ஆயினும் செய்யத்தக்கவை சில உள்ளன. கிராம சபைக் கூட்டத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கி, பாங்கு அதிகாரியையும் கணக்காயர் ஒருவரையும் அழைத்து விளக்கம் அளிக்கச் செய்யலாம். சட்டம் கூறும் உறவினர் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். வெளிநாடு புறப்படும் இளைஞர்களைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தையும், மாநில அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையையும் அணுகும்படி கூறலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் கணக்கு எழுதுவதில் தேர்ந்தவை. கணவரோ மகனோ வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் ஒரு வரவு ஏடு வைக்க அவற்றின் உதவியைப் பெறலாம். பெருந்தொகை சம்பந்தப்படும்போது தகுந்த கணக்காயரின் ஆலோசனையைப் பெறுவது இன்றியமையாதது.

அந்த ஏட்டில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: யார் அனுப்பினார், எவ்வழியில் அனுப்பினார், எவ்வளவு, எதற்காக. பாங்கு ரசீதுகளையும் பழைய பாஸ்போர்ட்டையும் அதனோடு ஒரே உறையில் வைக்கலாம். விவசாயிகள் கிணற்றுப் பத்திரத்தையும் பட்டாவையும் பாட்டன் காலத்திலிருந்து பெட்டியில் காத்து வருபவர்கள். அதே பெட்டியில் இந்த ஏட்டிற்கும் ஓர் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

குடும்பத்துக்குள் அன்பால் கொடுக்கப்படும் பணத்தை அரசு வரிக்கு உட்படுத்தவில்லை. அதன் உறவையும் வழியையும் விளக்குமாறு மட்டுமே கேட்கிறது. அயல்நாட்டில் உழைக்கும் நம் மக்களின் பணம் ஒரு ரூபாயும் வீணாகாமல், அபராதத்திலும் வழக்கிலும் கரையாமல், அவர்கள் எண்ணிய வீட்டையும் கிணற்றையும் கல்வியையும் சென்று சேர வேண்டும். அடுத்த கிராம சபையிலேயே இதற்கான முதல் அடியை எடுத்து வைப்பீர்கள் என்னும் நம்பிக்கையோடு விடைபெறுகிறோம்.